போன் ஒன்று, வழக்கு இரண்டு: சாட்சியச் சட்டம் மாறும்போது எது மாறுகிறது?

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் ஒரு வியாபாரி என்று வைத்துக்கொள்வோம். 2022 கடைசியில் ஒரு பார்ட்டிக்குச் சரக்கு அனுப்புகிறார். விலை பேசியது, எடை சொன்னது, ‘பணம் அடுத்த மாசம் தாறேன்’ என்று அந்தப் பக்கம் ஒப்புக்கொண்டது எல்லாமே வாட்ஸ்அப்பில் இருக்கிறது. பாக்கியில் ஒரு பகுதிக்கு வந்த செக் வங்கியில் திரும்பிவிட்டது. 2023இல் செக் வழக்கு போட்டார். மீதிப் பாக்கிக்காக 2024 ஆகஸ்டில் தனியாக ஒரு சிவில் வழக்கும் போட்டார். இரண்டிலும் அவர் காட்டப்போவது ஒரே போனில் உள்ள அதே மெசேஜ்களைத்தான்.

முதல் வழக்கில் அந்த மெசேஜின் நகலோடு அவர் ஒரு சான்றிதழ் கொடுத்தால் போதும். இரண்டாவது வழக்கில் சான்றிதழின் படிவமே வேறு. அதில் ‘ஹேஷ்’ என்றொரு எண்ணை எழுத வேண்டும், ஒரு நிபுணரும் கையெழுத்துப் போட வேண்டும். மெசேஜும் மாறவில்லை, போனும் மாறவில்லை. இரண்டு வழக்குகளுக்கும் நடுவே 2024 ஜூலை 1 வந்துபோனதுதான் வித்தியாசம்.

அன்றைக்குத்தான் 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் போய், பாரதிய சாக்ஷ்ய அதினியம் 2023 நடைமுறைக்கு வந்தது. தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் அன்றே வந்தன. மூன்றும் சேர்ந்து வந்ததால் ‘கிரிமினல் சட்டம் மாறிப்போச்சு’ என்றே ஊரில் பேச்சு. ஆனால் மூன்றில் சாட்சியச் சட்டத்துக்கு மட்டும் ஒரு தனிக்குணம் உண்டு. அது கொலை வழக்குக்கும் பொருந்தும், வேலித் தகராறுக்கும் பொருந்தும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் போலீஸ் பக்கமே போகாதவர்கள்கூட ஒரு சொத்து வழக்கிலாவது சிக்கியிருப்பார்கள். அதனால் இந்தச் சாட்சியச் சட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது.

எது குற்றம், அதற்கு என்ன தண்டனை என்று சொல்வது தண்டனைச் சட்டம். போலீசும் நீதிமன்றமும் எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்பது நடைமுறைச் சட்டம். நீதிபதி எதைப் பார்த்து முடிவெடுக்கலாம், எதைப் பார்க்கவே கூடாது, நிரூபிக்க வேண்டிய சுமை யார் தலையில், எந்த இடத்தில் நீதிமன்றம் தானாகவே ஒன்றை ஊகித்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் சாட்சியச் சட்டம். பழையதை எழுதியவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். 167 பிரிவுகளோடு 1872 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. புதியதில் 170 பிரிவுகள். எண்ணிக்கையைப் பார்த்தாலே தெரியும், இது இடித்துக் கட்டிய வீடு அல்ல. பெரும்பகுதி வாசகம் ஸ்டீபன் எழுதியதுதான், இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

இனி முதல் கேள்விக்கு வருவோம். கோர்ட் வராந்தாவில் அதிகம் காதில் விழுவது இதுதான்: “சாறே, நம்ம கேஸ் பழைய சட்டத்துல போட்டது. இனி எதுல நடக்கும்?”

இதற்கான பதில் புதுச் சட்டத்தின் கடைசிப் பிரிவில், 170இல் இருக்கிறது. பழைய சட்டம் நீக்கப்படுகிறது என்று சொல்லிவிட்டு, உடனே ஒரு விலக்கு வைக்கிறார்கள். புதுச் சட்டம் தொடங்குவதற்கு முன்பே ஒரு மனுவோ, விசாரணையோ, புலனாய்வோ, மேல்முறையீடோ, வேறெந்த நடவடிக்கையோ நிலுவையில் இருந்தால், புதுச் சட்டம் வராதது போலவே நினைத்துப் பழைய சட்டப்படியே அதை நடத்த வேண்டும். இதைச் சேமிப்புப் பிரிவு என்பார்கள்.

இப்படி ஒரு பிரிவை எழுதாமல் விட்டிருந்தால் கதை வேறாகியிருக்கும். நடைமுறையைப் பற்றிய சட்டம் மாறினால், நடந்துகொண்டிருக்கும் வழக்குக்கும் புதியதே பொருந்தும் என்பதுதான் பொதுவான விதி. ‘இந்த முறைப்படிதான் என் வழக்கை நடத்த வேண்டும்’ என்று யாரும் உரிமை கொண்டாட முடியாது என்பது அதற்குச் சொல்லும் காரணம். சாட்சியச் சட்டமும் பெரும்பாலும் நடைமுறையைச் சேர்ந்ததுதான். அப்படியே விட்டிருந்தால் பாதி சாட்சி பழைய விதிப்படி, மீதி சாட்சி புது விதிப்படி என்று ஒரே வழக்கு இரண்டு கால்களில் நொண்டியிருக்கும். அதைத் தவிர்க்கத்தான் நிலுவை வழக்கு முழுவதையும் பழைய பக்கமே விட்டுவிட்டார்கள். நல்ல முடிவு என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் விளைவைக் கவனியுங்கள். 2015இல் குழித்துறையில் போட்ட ஒரு பாகப்பிரிவினை வழக்கு இன்னும் பத்து வருடம் இழுத்தாலும் அதில் 1872ஆம் ஆண்டுச் சட்டம்தான் பேசும். வக்கீல் மேசையில் இரண்டு புத்தகமும் ரொம்ப காலத்துக்கு இருக்கும்.

இங்கே புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சம்பவம் எப்போது நடந்தது, பத்திரம் எப்போது எழுதியது என்பதைப் பார்த்து எந்தச் சட்டம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். சாட்சியச் சட்டத்தைப் பொறுத்தவரை பார்க்க வேண்டியது அது அல்ல. 2024 ஜூன் 30 அன்று ஏதாவது நடவடிக்கை நிலுவையில் இருந்ததா என்பதே கேள்வி. 1960இல் எழுதிய பத்திரத்தை வைத்து 2024 செப்டம்பரில் வழக்கு போட்டால் அந்தப் பத்திரத்தைப் புதுச் சட்டப்படிதான் நிரூபிக்க வேண்டும்.

கிரிமினல் வழக்கில் இது இன்னும் விசித்திரமாக இருக்கும். 2024 ஜூன் 20 இரவு ஒரு அடிதடி. ஜூன் 28 அன்று எஃப்ஐஆர் போட்டுவிட்டார்கள் என்றால் புலனாய்வு ஏற்கனவே நிலுவையில் இருக்கிறது. மூன்றும் பழைய சட்டங்களே. அதே அடிதடிக்கு ஜூலை 5ஆம் தேதிதான் எஃப்ஐஆர் போட்டார்கள் என்றால்? குற்றம் நடந்த நாளில் இருந்த சட்டப்படிதான் தண்டிக்க முடியும் என்று அரசியலமைப்பின் 20(1)ஆவது உறுப்பு சொல்கிறது. ஆகவே குற்றப் பிரிவு பழைய தண்டனைச் சட்டத்திலிருந்து வரும். புலனாய்வும் விசாரணையும் புது நடைமுறைச் சட்டப்படி. சாட்சியம் புதுச் சாட்சியச் சட்டப்படி. ஒரே குற்றப்பத்திரிகையில் பழையதும் புதியதும் கலந்து கிடப்பதைப் பார்த்து, போலீஸ் தப்பாக எழுதிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அப்படித்தான் இருக்க வேண்டும்.

கன்னியாகுமரிக்காரர்களுக்கு இப்படி ஒரு மாற்றம் முதல் தடவையும் அல்ல. 1872ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்காகப் போட்டது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் அப்போது திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆட்சியில் இருந்தன. 1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. அதன் பிறகு 1951ஆம் ஆண்டின் ‘பி’ பிரிவு மாநிலங்கள் சட்டத்தின் மூலம்தான் இந்தியச் சாட்சியச் சட்டம் இங்கே நீண்டது. 1956 நவம்பர் 1 அன்று இந்த நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது அது ஏற்கனவே இங்கே இருந்தது. மதராஸில் எண்பது வருடம் பழகிய ஒரு சட்டம் நாகர்கோவிலுக்குப் புதிதாக வந்த காலம் ஒன்று இருந்தது. அன்றைய வக்கீல்களும் இதே தலைவலியைப் பட்டிருப்பார்கள்.

அடுத்தது எண்கள். சென்னையிலோ நாகர்கோவிலிலோ வீட்டு வாசலில் ‘பழைய எண், புதிய எண்’ என்று இரண்டையும் எழுதிவைத்திருப்பார்களே, அதைப் போலத்தான் இதுவும். தபால்காரர் பழைய எண்ணைப் பார்த்துப் பக்கத்து வீட்டில் கடிதத்தைப் போடுவதைப் போல, பிரிவு எண்ணை மட்டும் நினைவில் வைத்திருப்பவர் வேறொரு விதியின் வாசலில் போய் நிற்பார். பழைய 106 என்றால், ஒருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தை அவரே நிரூபிக்க வேண்டும் என்ற விதி. பூட்டிய வீட்டுக்குள் நடந்த மரணங்களில் அடிக்கடி வரும். அது இப்போது 109. புதிய 106 வேறு. குறிப்பிட்ட ஓர் உண்மையை நிரூபிக்கும் சுமை யாருடையது என்ற பழைய 103. மரண வாக்குமூலம் பழைய 32(1)இலிருந்து 26க்குப் போனது. நீதிமன்றத்தின் ஊகம் 114இலிருந்து 119க்கு. எஸ்டாப்பல், அதாவது ஒன்றைச் சொல்லி அடுத்தவரை நம்பவைத்தவர் பிறகு அதை மறுக்க முடியாது என்ற விதி, 115இலிருந்து 121க்கு. நிபுணர் கருத்து 45இலிருந்து 39க்கு. இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒப்பீட்டு அட்டவணை எங்கும் கிடைக்கிறது. செக் வழக்கை ‘நூத்தி முப்பத்தெட்டு’ என்று நாம் சொல்வது வேறொரு சட்டத்தின் எண், அது மாறவில்லை. புதுச் சாட்சியச் சட்டத்திலும் ஒரு 138 இருக்கிறது, அது அப்ரூவரைப் பற்றியது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

எண் மாறியது, வாசகம் மாறவில்லை என்றால் பழைய தீர்ப்புகள் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. இதுதான் முக்கியம். பழைய 27ஆவது பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஏதாவது ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாக ஒட்டியிருக்கும் பகுதி மட்டும் செல்லும். ‘கத்தியைத் தென்னந்தோப்பு ஓலைக் கட்டுக்குள் வைத்திருக்கிறேன்’ என்பது செல்லும். ‘அதால்தான் அவனைக் குத்தினேன்’ என்பது செல்லாது. கோட்டை எங்கே போடுவது என்று புலுகுரி கோட்டையா வழக்கில், பிரிட்டிஷ் ஆட்சியில் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் சொன்னது. பழைய 25, 26, 27 மூன்றையும் புதுச் சட்டம் ஒரே பிரிவாக, 23ஆகக் கட்டிவிட்டது. பழைய 27 அதில் ஒரு ‘ஆனால்’ வாசகமாக வந்து உட்கார்ந்திருக்கிறது. உள்ளடக்கம் அதேதான் என்பதால் அந்தப் பழைய தீர்ப்பும் இன்று கூண்டருகே நிற்கும் வக்கீலுக்குக் கைகொடுக்கும். மரண வாக்குமூலத்துக்கும் அப்படித்தான். 1939இல் பகலா நாராயண சுவாமி வழக்கில் சொன்னதை 26ஆவது பிரிவுக்கும் மேற்கோள் காட்டலாம். புதுச் சட்டம் வந்ததும் பழைய தீர்ப்புத் தொகுதிகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டவர்கள் யாராவது இருந்தால் அவசரப்பட்டுவிட்டார்கள்.

சில பிரிவுகள் சத்தமில்லாமல் விடைபெற்றன. இங்கிலாந்தில் செல்லுபடியாகும் ஆவணங்களைப் பற்றிய 82, தந்திச் செய்தியைப் பற்றிய 88, ஜூரிகள் சாட்சியிடம் கேள்வி கேட்கலாம் என்ற 166 ஆகியவை இப்போது இல்லை. தந்திச் சேவையை 2013 ஜூலையிலேயே நிறுத்திவிட்டார்கள். ஜூரி முறை 1973ஆம் ஆண்டின் நடைமுறைச் சட்டத்தோடு போய்விட்டது. இரண்டுக்குமான விதிகள் மட்டும் 2024 வரை சட்டப் புத்தகத்தில் உட்கார்ந்திருந்தன. இவை போனதால் எந்த வழக்கும் பாதிக்கப்படப் போவதில்லை.

கவனிக்க வேண்டியது வாசகத்தின் நடுவே நுழைந்த, அல்லது காணாமல் போன சொற்களை. அப்ரூவர் விஷயம் இதற்கு நல்ல உதாரணம். குற்றத்தில் பங்கெடுத்த ஒருவன் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்துச் சாட்சி சொல்கிறான். பழைய 133ஆவது பிரிவு, வேறு ஆதாரம் எதுவும் துணை நிற்காத அவன் சாட்சியத்தை மட்டும் வைத்துத் தண்டனை கொடுத்தாலும் அது சட்டவிரோதம் ஆகாது என்றது. புதிய 138, துணை ஆதாரம் உள்ள அவன் சாட்சியத்தை வைத்துத் தண்டனை கொடுத்தால் சட்டவிரோதம் அல்ல என்கிறது. ஆங்கில வாசகத்தில் ஒரு முன்னொட்டு போயிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் விதி கிட்டத்தட்டத் தலைகீழாகத் திரும்பியது. நடைமுறையில் நீதிமன்றங்கள் எப்போதுமே துணை ஆதாரம் கேட்டுத்தான் வந்தன. துணை ஆதாரம் இல்லாத கூட்டாளி நம்பத்தகாதவன் என்று ஊகிக்கலாம் என்பது பழைய 114இலேயே இருந்தது. முன்பு எச்சரிக்கை என்ற அளவில் இருந்தது, இப்போது பிரிவின் வாசகத்திலேயே ஏறியிருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் நிற்கும் வக்கீலுக்கு இது சின்ன ஆயுதம் அல்ல.

இதே போல, ஒப்புதல் வாக்குமூலத்தைத் தள்ளுபடி செய்யும் காரணங்களில் ஆசை காட்டுதல், மிரட்டல், வாக்குறுதி ஆகியவற்றோடு ‘வற்புறுத்தல்’ என்பதும் 22ஆவது பிரிவில் சேர்ந்திருக்கிறது. நிபுணர் கருத்துக்கான 39இல் அறிவியல், கலை, வெளிநாட்டுச் சட்டம், கையெழுத்து, கைரேகை என்ற பட்டியலோடு ‘வேறு எந்தத் துறையும்’ என்று கதவைத் திறந்துவிட்டார்கள். தலைமறைவானவன் இல்லாமல் மற்றவர்களை விசாரித்தாலும் அதைக் கூட்டு விசாரணையாகவே கருத வேண்டும் என்ற விளக்கம் 24இல் வந்திருக்கிறது. ‘பைத்தியம்’ என்ற பொருளில் இருந்த பழைய சொல்லை எடுத்துவிட்டு ‘மனநலம் குன்றியவர்’ என்று மாற்றியதும் இந்த வகைதான்.

பெரிய மாற்றம் மின்னணுச் சாட்சியத்தில். குலசேகரத்து வியாபாரியிடம் திரும்பப் போகலாம்.

ஸ்டீபன் காலத்தில் ஆவணம் என்றால் காகிதம், கல்வெட்டு, வரைபடம். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம்தான் 65ஏ, 65பி என்று இரண்டு பிரிவுகளைப் பழைய சட்டத்தில் செருகியது. கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த நகலைக் கொடுத்தால், அந்தச் சாதனத்துக்குப் பொறுப்பான நிலையில் இருப்பவர் ஒரு சான்றிதழ் தர வேண்டும் என்றது 65பி. அந்தச் சான்றிதழ் கட்டாயமா இல்லையா என்று நீதிமன்றங்கள் ரொம்ப நாள் திண்டாடின. கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் அன்வர் வழக்கில் சொன்னது. நடுவில் கொஞ்சம் தளர்த்தி, 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் மறுபடியும் இறுக்கியது. போனையே நேரில் கொண்டுவந்து, அதன் சொந்தக்காரர் கூண்டேறி இது என்னுடையதுதான் என்று நிரூபித்தால் சான்றிதழ் வேண்டாம் என்றும் அதில் சொன்னார்கள். வியாபாரியின் 2023ஆம் ஆண்டுச் செக் வழக்கு இந்த உலகத்தில்தான் நடக்கிறது.

புதுச் சட்டத்தில் ‘ஆவணம்’ என்பதற்கான விளக்கத்திலேயே மின்னணுப் பதிவு இடம்பிடித்துவிட்டது. மின்னஞ்சல், சர்வர் பதிவு, லேப்டாப்பிலும் ஸ்மார்ட்போனிலும் உள்ள ஆவணங்கள், மெசேஜ், இணையதளம், இருப்பிடத் தகவல், குரல் செய்தி எல்லாவற்றையும் இரண்டாம் பிரிவின் உதாரணமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இருப்பிடத் தகவல் என்றவுடன் எனக்குக் கொளச்சலும் தேங்காய்ப்பட்டணமும்தான் நினைவுக்கு வந்தன. நடுக்கடலில் எந்த இடத்தில் படகு நின்றது என்ற சண்டையில் ஜிபிஎஸ் கருவியின் பதிவு இனி நேராகவே ‘ஆவணம்’.

57ஆவது பிரிவு இன்னொரு அடி போகிறது. ஒரே பதிவு ஒரே நேரத்தில் பல கோப்புகளில் சேமிக்கப்பட்டால் ஒவ்வொன்றும் மூல ஆவணம். வீடியோ ஒன்று பதிவாகும்போதே வேறிடத்துக்கும் அனுப்பப்பட்டால் அங்கே சேமித்ததும் மூலம். மார்த்தாண்டத்தில் ஒரு நகைக்கடை கேமரா, கடையில் உள்ள டிவிஆர் என்ற பதிவுக் கருவியிலும் முதலாளியின் கிளவுட் கணக்கிலும் ஒன்றாகப் பதிவு செய்கிறது என்றால் இரண்டுமே மூலம். டிவிஆர்கள் சில நாட்களில் பழைய காட்சியின் மேலேயே புதியதை எழுதிவிடும் என்பதால் இது உபயோகமான மாற்றம்.

அடுத்தது சான்றிதழ். 65பியின் இடத்தில் இப்போது 63. சான்றிதழை நாமாக எழுதிக்கொள்ளும் சுதந்திரம் போய்விட்டது. சட்டத்தின் பின்னிணைப்பிலேயே படிவம் இருக்கிறது. ‘ஏ’ பகுதியைத் தரப்பினர் நிரப்ப வேண்டும், ‘பி’ பகுதியை நிபுணர். வியாபாரி ‘ஏ’ பகுதியைக் கையில் எடுத்தால் முதலில் டிக் அடிக்க வேண்டிய கட்டங்கள்: கம்ப்யூட்டர், டிவிஆர், மொபைல், பென் டிரைவ், சிடி, சர்வர், கிளவுட், மற்றவை. மொபைலில் டிக் அடிக்கிறார். கம்பெனி, மாடல், போனின் நிறம், வரிசை எண், ஐஎம்இஐ எண். ஆமாம், நிறத்தையும் எழுத வேண்டும். பிறகு, அந்தக் காலத்தில் சாதனம் தன் கட்டுப்பாட்டில் இருந்தது, ஒழுங்காக வேலை செய்தது என்ற உறுதிமொழி. கடைசியில் அந்தப் பதிவின் ஹேஷ் மதிப்பு, அதை எந்த முறையில் எடுத்தார் என்பதற்கான கட்டங்கள்: எஸ்எச்ஏ1, எஸ்எச்ஏ256, எம்டி5, மற்றவை. ஹேஷ் அறிக்கையையும் இணைக்க வேண்டும்.

ஹேஷ் என்பது பயப்படுவதற்கான விஷயம் இல்லை. ஒரு கோப்பை ஒரு கணக்குக்குள் விட்டால் அது நீளமான ஓர் எழுத்து வரிசையைத் தரும். எஸ்எச்ஏ256 என்றால் 64 எழுத்து. கோப்பு ஒரு பக்கமோ ஒரு மணி நேர வீடியோவோ, வருவது 64தான். அதே கோப்பை யார், எங்கே, எத்தனை தடவை விட்டாலும் அதே வரிசை வரும். உள்ளே ஒரு கமா மாறினாலும் வேறு வரிசை வரும். நீதிமன்றத்தில் கொடுத்த பென் டிரைவில் உள்ளது அன்று போனிலிருந்து எடுத்த அதே கோப்புதானா என்று பார்க்க, மறுபடி ஹேஷ் எடுத்து ஒப்பிட்டால் போதும். ஆனால் ஒன்று: அதில் எழுதியிருப்பது உண்மை என்று ஹேஷ் சொல்லாது. எடுத்த பிறகு மாற்றவில்லை என்று மட்டும்தான் சொல்லும். எடுப்பதற்கு முன்பே போலியாகத் தயாரித்திருந்தால் அந்தப் போலிக்கும் அழகான ஹேஷ் வரும்.

இதனால் நடைமுறையில் ஒரு பழக்கத்தை விட வேண்டும். வீடியோவை வாட்ஸ்அப்பில் வக்கீலுக்கு அனுப்பி, ‘இதை கோர்ட்ல போட்டுடுங்க’ என்று சொல்வது. அனுப்பும்போது அது சுருங்கிவிடும். வக்கீலின் போனில் இருப்பது வேறு கோப்பு, ஹேஷும் வேறு. கோப்பை மூலச் சாதனத்திலிருந்து நேராக ஒரு டிரைவில் எடுத்து, அந்த நேரத்திலேயே ஹேஷ் எடுத்து வைப்பதுதான் சரி. உரையாடலை எக்ஸ்போர்ட் செய்வதும் அப்படித்தான். அடுத்த வாரம் திரும்ப எக்ஸ்போர்ட் செய்தால் நடுவில் வந்த ‘குட் மார்னிங்’ மெசேஜும் சேர்ந்துவரும், ஹேஷ் மாறிப்போகும்.

இந்தப் பிரிவில் எனக்கு ஒரு குறை உண்டு. கையெழுத்துப் போட வேண்டிய நிபுணர் யார் என்பதை 63 விளக்கவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஏ பிரிவில் அறிவிக்கப்படும் மின்னணுச் சாட்சிய ஆய்வாளர் என்று ஒருவர் 39இல் வருகிறார். 63இல் ‘ஒரு நிபுணர்’ என்று மட்டும்தான் இருக்கிறது. போலீசுக்குத் தடய அறிவியல் துறை இருக்கிறது. ஐம்பதாயிரம் ரூபாய்ப் பாக்கிக்காக வழக்கு நடத்தும் சில்லறை வியாபாரி நிபுணருக்கு எங்கே போவார்? சிவில் வழக்குகளில் இந்தப் படிவம் ஏழைத் தரப்புக்குச் சுமையாகத்தான் இருக்கும்.

இன்னொரு சிக்கலும் இங்கே உண்டு. சான்றிதழை விசாரணை முடிவதற்குள் பிறகு ஒரு கட்டத்தில் கொடுத்தாலும் நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்றது 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பு. புதிய 63இன் நான்காவது உட்பிரிவு, மின்னணுப் பதிவை ஏற்கக் கோரிக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் சான்றிதழையும் கூடவே கொடுக்க வேண்டும் என்கிறது. வாசகம் மாறிய இடத்தில் பழைய தீர்ப்பை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பது ஆபத்து. 57 பல கோப்புகளையும் மூலம் என்கிறது, 63 சான்றிதழ் கேட்கிறது. இரண்டையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது என்பதும் தீர்ப்புகளில்தான் தெளிய வேண்டும். அதுவரை படிவத்தை நிரப்பி முதல் நாளே கொடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். வியாபாரியின் வங்கிக் கணக்கு அறிக்கைக்கு இந்தக் கவலையெல்லாம் வேறு வழியில் தீரும். அதற்கென்று 1891ஆம் ஆண்டின் வங்கிப் புத்தகச் சாட்சியச் சட்டம் தனியாக இருக்கிறது, அதை யாரும் நீக்கவில்லை.

மின்னணுவை விட்டுக் காகிதத்துக்கு வந்தால் நம் மாவட்டத்தில் நிலைமை சுவாரஸ்யமானது. பழைய பெட்டியைத் திறந்தால் மலையாளத்தில் எழுதிய ஆதாரம், அதாவது சொத்துப் பத்திரம், வரும். தேதி கொல்லம் ஆண்டில், அதாவது மலையாள ஆண்டுக் கணக்கில், இருக்கும். 1112 என்று போட்டிருந்தால் அது 1936-37. ஆவணியிலிருந்து மார்கழி நடுவரை 824ஐயும், தை பிறக்கும் முன்பே வரும் ஜனவரி 1இலிருந்து அடுத்த ஆவணி வரை 825ஐயும் கூட்டிக்கொள்ளுங்கள். எழுதியவர், கையெழுத்துப் போட்டவர், சாட்சி எல்லோரும் போய்ச் சேர்ந்திருப்பார்கள். யாரைக் கூப்பிட்டு நிரூபிப்பது? அதற்குத்தான் பழைய 90. முப்பது வருடத்துக்கு மேற்பட்ட ஆவணம், இருக்க வேண்டிய கையிலிருந்து வந்தால், கையெழுத்தும் எழுத்தும் உரியவருடையதே என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். புதுச் சட்டத்தில் அது 92. வாசகமும் முப்பது வருடமும் அப்படியே இருக்கின்றன. நகலுக்கு இந்த ஊகம் கிடையாது, மூலத்துக்குத்தான். அதில் எழுதியிருக்கும் எல்லைகள் சரி என்றும் இந்த ஊகம் சொல்லாது. எழுதியது அவர்தான் என்பதோடு நின்றுவிடும். மலையாளத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும், ஆதாரம் யார் பெட்டியிலிருந்து வந்தது என்று சொல்ல ஒரு ஆளும் வேண்டும்.

உயிலுக்கு இந்தச் சலுகை இல்லை. எத்தனை வருடப் பழையதானாலும் உயிலை ஊகத்தால் நிரூபிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவராவது உயிரோடும் வரக்கூடிய நிலையிலும் இருந்தால் அவரைக் கூண்டேற்ற வேண்டும். இது பழைய 68, புதிய 67. அப்படி ஒருவரும் கிடைக்காவிட்டால், சாட்சிகளில் ஒருவருடைய கையெழுத்தையும் உயில் எழுதியவருடைய கையெழுத்தையும் அடையாளம் தெரிந்தவர்களைக் கொண்டு நிரூபிக்கலாம். இது பழைய 69, புதிய 68. ஆக, மனுவில் ‘பிரிவு 68’ என்று மட்டும் எழுதினால் பழைய வழக்கில் அது சாட்சியைக் கூப்பிடு என்கிறது, புது வழக்கில் சாட்சியே இல்லை என்கிறது. பிரிவு எண்ணுக்கு முன்னால் எந்தச் சட்டம் என்பதையும் ஒரு வரி எழுதச் சொல்லி உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.